லாகூரையும் சேர்த்துப் போட்ட பயணத் திட்டம்

இந்தியா முழுவதையும் சுற்றிவரத் திட்டம் போட்ட மூன்று பேரில் ஒருவரும் அதுவரை கண்டியைத் தாண்டியதில்லை. ஒருவர் எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்தின் உதவி வாத்தியார். இன்னொருவர் பொகவந்தலாவைக் கடைவீதியில் சலூன் வைத்திருந்தவர். மூன்றாவது நான். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் கத்தியைப் போட்டுவிட்டு இரண்டு முறை ஊரை விட்டு ஓடி, இரண்டு முறையும் பூண்டுலோயாவில் பசியெடுத்துத் திரும்பி வந்தவன். மூவரில் அனுபவசாலி நான்தான்.

மழை பிடித்துக்கொண்டால் சலூனுக்கு ஆள் வராது. அப்போதுதான் நாங்கள் பயணம் போவோம். வாத்தியார் பள்ளிக்கூடச் சுவரிலிருந்து இந்தியப் படத்தைச் சுருட்டி எடுத்து வந்து பெஞ்சில் விரிப்பார். வெள்ளைக்காரன் காலத்துப் படம். கரையான் தின்றது போக மிச்சமிருந்த இந்தியா. கீழ் மூலையில் இலங்கை கட்டைவிரல் அளவுக்கு இருந்தது. அந்தக் கட்டைவிரலை வைத்தே மிச்சத்தை அளந்தார்.

"காசியிலேர்ந்து இப்படியே மேல போனா இமயமலை. எறங்கி வரும்போது லாகூரையும் பாத்துடலாம்" என்றார்.

"லாகூர் இப்ப வேற நாடு சார். பேப்பர்ல போட்டிருந்தானே" என்றார் சலூன்காரர். சவரக் கத்தியைத் துடைப்பதற்கு முன் பேப்பரைப் படித்துவிடுகிற பழக்கம் அவருக்கு உண்டு.

"படத்துல ஒண்ணாத்தானே இருக்கு?"

படத்தில் ஒன்றாக இருந்த காரணத்தால் லாகூரும் சேர்ந்தது.

செலவைப் பற்றி எங்களுக்குக் கவலை இல்லை. செலவே செய்யாமல் போவதுதான் திட்டம். படுக்கக் கோயில் மடம், இல்லாவிட்டால் ரயில் மேடை. சாப்பாட்டுக்கு அவரவர் தொழில். "எந்த ஊருக்குப் போனாலும் மனுசனுக்குத் தாடி மொளைக்கும்" என்றார் சலூன்காரர். வாத்தியார் ஊர் ஊராகக் கடிதம் எழுதிக் கொடுப்பாராம். இந்தி பேசுகிறவர்களுக்கு, தமிழில்.

"நீ என்னா செய்வ தம்பி?" என்று சலூன்காரர் கேட்டார்.

"கவ்வாத்து வெட்டுவேன்."

"அப்ப ஒன்னைய இமயமலையிலயே விட்டுட்டு வந்துடுறோம். அங்கயும் தேயில இருக்காம்."

சலூன்காரர் கோதுமை மா சாக்கில் எனக்கு ஒரு முதுகுப் பை தைத்துக் கொடுத்தார். வாத்தியார் தமக்குத் தெரிந்த ஒரே முறையில் என்னைத் தயார் செய்தார். கையைக் கட்டி நிற்க வைத்து, வாய்ப்பாடு போல வழியை ஒப்பிக்கச் சொன்னார். தலைமன்னார், தனுஷ்கோடி, மதுரை, சென்னை, கல்கத்தா, காசி, இமயமலை என்று தொடங்கி லாகூர், பம்பாய் வழியாகத் திரும்பி வரும்வரை ஓர் ஊர் விட்டுப்போனாலும் மறுபடி தலைமன்னாரிலிருந்து. நான் பள்ளிக்கூடத்தில் உருப்படியாகப் படித்தது அது ஒன்றுதான். அதுவும் சலூனில்.

அந்தச் சமயத்தில் எங்கள் இலங்கைப் பிரஜாவுரிமை மனு நுவரெலியாவில் விசாரணைக்கு வந்தது. எனக்கும் அம்மாவுக்கும் சேர்த்து ஒரே மனு. அம்மா இதே தோட்டத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் பிறந்தவள். கொழுந்து மலையும் கோயிலும் விட்டால் அவளுக்கு வேறு இடம் தெரியாது. "நாளைக்கு எவனாச்சும் வந்து போன்னு சொன்னா நான் எங்கடா போவேன்?" என்பாள். அந்தக் காகிதம் கிடைத்துவிட்டால் நிம்மதியாகக் கண்ணை மூடலாம் என்று இருந்தாள்.

மனு எழுதிக் கொடுத்தவர் கடைவீதியில் வைத்தே எச்சரித்தார். "இந்தியாவுல எந்த ஊரு தெரியும்னு கேப்பாங்க. ஒண்ணும் தெரியாதுங்கன்னு சொல்லிட்டு வாய மூடிக்க. தெரியும்னா, இவன் அங்க போறவன்னு எழுதித் தள்ளிடுவாங்க."

விசாரணை அறையில் சிங்களத் துரை ஒருவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மொழிபெயர்க்க யாழ்ப்பாணத்துப் பெரியவர். அம்மாவை முதலில் கேட்டு வெளியே அனுப்பிவிட்டு என்னைக் கூப்பிட்டார்கள். கேள்வி அதே கேள்விதான்.

"தெரியாதுங்க" என்றேன்.

பெரியவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "ஒண்டும் தெரியாதோ? நீர் பள்ளிக்கூடப் பக்கமே போகேல்லையோ?"

அதோடு விட்டிருந்தால் என்ன? ஐந்தாம் வகுப்புக்காரனுக்கு அந்த ஒரு சொல் பொறுக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு தலைமன்னாரில் தொடங்கினேன். பம்பாய் வரை ஓர் ஊரும் விட்டுப்போகவில்லை. துரை பேனாவை எடுத்தார்.

"எப்ப போறதாக எண்ணம்?" என்று பெரியவர் கேட்டார். குரல் இப்போது மெதுவாக இருந்தது.

"மழ விட்டதும்ங்க. சுத்திப் பாத்துட்டுத் திரும்பி வந்துருவோம்ங்க."

கடைசி வாக்கியத்தை அவர் மொழிபெயர்த்தாரா என்று தெரியாது. துரை அதற்குள் எழுதி முடித்திருந்தார்.

பஸ்ஸில் அம்மா கேட்டாள்: "தெரியாதுன்னுதானே சொன்ன?"

"மொதல்ல அப்படித்தான் சொன்னேன்" என்றேன்.

சில மாதம் கழித்து இங்கிலீஷில் கடிதம் வந்தது. வாத்தியார்தான் லயத்துக்கு வந்து வாசித்தார். இந்த நாட்டில் நிலையாக வாழும் எண்ணம் எங்களுக்கு இல்லையாம். மனு தள்ளுபடி. வாத்தியார் கடிதத்தை இன்னொரு முறை வாசித்தார்.

"லாகூரையும் சொன்னியா?"

"சொன்னேன்."

"அதான்" என்றார், கணக்குக்கு விடை கண்டுபிடித்தவர் போல.

அம்மா அவரைப் பார்த்து, "அதுல எம்பேரும் இருக்குங்களா சார்?" என்றாள்.

"ஒரே மனுதானேம்மா."

"நான் எங்கயும் போறேன்னு சொல்லலீங்களே."

வாத்தியார் கடிதத்தை மடித்து என் கையில் கொடுத்தார். அவள் என் பக்கம் திரும்பினாள். "இமயமலையப் பாக்கவாடா அம்புட்டுத் தூரம் போறேன்னு சொன்ன? நாம இருக்குற எடம் என்னா, வயலா?"

அந்தச் சனிக்கிழமை ஆணியில் தொங்கிய முதுகுப் பையை எடுத்துக்கொண்டு அரிசி வாங்கப் போனாள். போகும் முன் அதன் இரண்டு வார்களையும் அறுத்து, விறகு கட்ட வைத்துக்கொண்டாள். நான் பார்த்துக்கொண்டு இருந்தேன். நல்ல தையல் வீணாகிவிட்டதே என்று சலூன்காரர்தான் வெகுநாள் வருத்தப்பட்டார்.