மாவு மாத்திரையும் டாக்டர் சிவயோகமும்

டாக்டர் சிவயோகம் காலமான செய்தி, கெலுகோர் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது எனக்குக் கிடைத்தது. சொன்னவர் அவரிடம் வைத்தியம் பார்த்துக்கொண்டவர். சொன்ன கையோடு, "அவங்க சத்தம் போட்டுச் சிரிப்பாங்களே, ஞாபகம் இருக்கா அண்ணே?" என்றார். மீன்கடை முன்னாலேயே நின்று இருவரும் போட்டி போட்டுக்கொண்டு அவரைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டோம். அவரை அறிந்த உங்களுக்கு இது வியப்பாக இராது.

எண்பதுகளில் நாங்கள் ஒரே மருத்துவமனையில் வேலை பார்த்தோம். அந்த அம்மா நெஞ்சுநோய் மருத்துவர், நான் மருந்தகத்தில். வெளிநாட்டு ஆய்வுக்குழு ஒன்று ஆஸ்துமாவுக்கான புது மாத்திரையைச் சோதிக்க வந்தது. பாயான் பாரு தொழிற்சாலையில் இழுப்பு நோய் இருந்த பெண்களில் பாதிப் பேருக்குப் புது மருந்து. மற்றவர்களுக்கு மருந்தே இல்லாத மாவு மாத்திரை. யாருக்கு எது என்பதை மட்டுமல்ல, மாவு மாத்திரை இருப்பதையே பெண்களிடம் சொல்லமாட்டார்கள். சேருகிற எல்லோரும் வழக்கமான மருந்தை நிறுத்திவிட வேண்டும்.

புது மருந்து நம் ஊருக்கு வருகிறதே என்று நான் பூரித்துப்போயிருந்தேன். சிவயோகம் கொதித்தார்.

"இருக்கிற மருந்தைப் பறிச்சுப்போட்டு மாவைக் குடுக்கிறதோ?" கோபம் வந்தால்தான் அவரிடம் யாழ்ப்பாணத்துப் பேச்சு முழுதாக வெளிவரும்.

"எல்லாத்தையும் சொன்னா யாரும் சேரமாட்டாங்க டாக்டர். குழு வேற நாட்டுக்குப் போயிடும். நமக்குத்தானே நஷ்டம்?" என்றேன்.

"தெரியாமல் தலையாட்டினால் அது சம்மதமோ?"

குழுத்தலைவரிடம் தனியாகச் சொல்லிப் பார்த்தார். அவர் கேட்கவில்லை.

ஆய்வுக்கு ஆள் சேர்க்கும் கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. மண்டபம் நிறையப் பெண்கள். குழுத்தலைவர் ஆங்கிலத்தில் புது மருந்தின் பெருமையைப் பேசினார். சிவயோகம் தமிழிலும் மலாயிலும் மொழிபெயர்த்தார். பிறகு, "இனி அவர் சொல்லாததையும் சொல்லுறன்" என்று மாவு மாத்திரைக் கதையைப் போட்டு உடைத்தார்.

லெட்சுமி என்ற பெண் எழுந்தாள். "அப்ப இது லாட்டரி நம்பர் எடுக்கிற மாதிரிலா டாக்டர்!" கூட்டமே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. "வேலையில இருக்கறப்ப இழுப்பு வந்தா? சூப்பர்வைசர் வெளிய விடுவாரா?"

அவ்வளவுதான். நாலாபுறமும் கைகள் உயர்ந்தன. சீனப் பெண்கள், மலாய்ப் பெண்கள், எல்லோரும் கேட்டார்கள். சிவயோகம் இங்கும் அங்கும் திரும்பி மொழிபெயர்த்த வேகத்தில் அவருடைய கொண்டை அவிழ்ந்துவிட்டது. அன்று ஒருவரும் சேரவில்லை. ஆனாலும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. மருத்துவமனையில் வாயே திறக்காத பெண்கள் இவர்கள்!

மறுநாளே அவரை ஆய்விலிருந்து நீக்கினார்கள். மேலதிகாரி எல்லோர் முன்னிலையிலும் அவரைத் திட்டினார். "திட்டட்டும். ஆக்கள் கேள்வி கேட்டவை, பாத்தீங்களோ!" என்று என்னிடம் சொல்லும்போது அவர் கண்கள் மின்னின.

ஆளே கிடைக்காமல் சில வாரங்கள் திண்டாடிய குழு இறங்கி வந்தது. யாரும் பழைய மருந்தை நிறுத்த வேண்டாம். புது மாத்திரையோ மாவு மாத்திரையோ அதற்கு மேல்தான். மூச்சு திணறினால் உடனே வேலையை விட்டு வரத் தொழிற்சாலையும் ஒப்புக்கொண்டது. எடுத்துச் சொல்ல ஆள் வேண்டுமே! சிவயோகத்தையே திரும்ப அழைத்தார்கள். முதலில் சேர்ந்தவள் லெட்சுமி. "இப்ப தெரிஞ்சுதான் வர்றேன் டாக்டர்" என்றாள்.

முடிவு என்ன தெரியுமா? புது மருந்தால் பெரிய பலன் ஒன்றுமில்லை! என் முகம் தொங்கிப்போனது. அவரோ துள்ளினார். "உண்மை தெரிஞ்சிட்டுதே! வேற என்ன வேணும்?" அதே மண்டபத்தில் அதே பெண்களைக் கூட்டி முடிவையும் சொன்னார். கைதட்டல் அடங்க வெகுநேரமானது.

அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது ஒரு பழக்கம். எதை விளக்கினாலும், "நான் சொன்னதை இப்ப நீங்க எனக்குச் சொல்லுங்கோ" என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பார். இன்று காலை மருந்து வாங்க வந்த ஒரு பெரியவரிடம் நானும் அப்படிக் கேட்டேன். அவர் காலை மாத்திரையை இரவுக்கும் இரவு மாத்திரையைக் காலைக்கும் மாற்றிச் சொன்னார். நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்காரவைத்து, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.