முதலியார்பேட்டையில் மதியம் மூடும் கடை

காலை 8.15. கோயம்பேட்டிலிருந்து புதுச்சேரிப் பேருந்து கிளம்பியது. கடற்கரைச் சாலை வழியாக ஏறத்தாழ நூற்றறுபது கிலோமீட்டர். வியாசர்பாடியில் இருபத்திரண்டு வருடமாக நான் டூவீலர் ஒர்க்‌ஷாப் நடத்தும் கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள். முதலியார்பேட்டையில் வீட்டோடு ஒரு கடை காலியாக இருப்பதாக அரியாங்குப்பத்து மச்சினி சொன்னாள். பக்கத்துத் தெருவுக்கு மாறுவதா, ஊரையே மாற்றுவதா? இன்றைக்குள் முடிவு சொல்ல வேண்டும். ஜன்னலோரம் என் மனைவி வசந்தா. சோற்றுப்பை என் மடியில்.

12.40. பேருந்து நிலையத்திலிருந்து முதலியார்பேட்டைக்கு ஆட்டோ நூற்றிருபது ரூபாய். பேரம் பேசினேன், படியவில்லை.

"இந்த நேரத்துல கடை பாக்கப் போறீங்களாண்ணா? ஒரு மணிக்கு மேல அங்க ஈ காக்கா இருக்காது. நாலு மணிக்குத்தான் தொறப்பாங்க," என்றார் ஓட்டுநர்.

தொழில் தெரிந்தவன் பட்டப்பகலில் கடையை மூடுவானா என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

1.05. மளிகை, ஹார்டுவேர், ஜெராக்ஸ், எல்லாக் கடைக்கும் ஷட்டர் இறங்கியிருந்தது. நாங்கள் பார்க்க வந்த கடையின் சொந்தக்காரர் மாடியில் குடியிருக்கிறார். மணி அடித்தும் கதவு திறக்கவில்லை, போனையும் எடுக்கவில்லை. எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"செத்த ஊரு இது. இங்க எவன் வண்டிய ரிப்பேருக்கு விடுவான்? வா, அடுத்த பஸ்ஸ புடிப்போம்."

"சாப்ட்டுட்டு புடிக்கலாம்," என்றாள் வசந்தா.

கடைப்படியில் உட்கார்ந்தோம். புளிசாதம், உருளைக்கிழங்கு வறுவல். பாதி தின்ற பிறகுதான் கவனித்தேன், அவள் சாப்பிடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உப்பு சரியா இருக்கா?"

"இருக்கே. ஏன்?"

"இத்தினி வருஷமா மத்தியானச் சோறு கட்டிக் குடுக்கறேன். டப்பா காலியா வரும். நீங்க அதச் சாப்புடறத இன்னிக்குத்தான் பாக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமையும் கடை திறப்பவன் நான். ஒரு கையில் கிரீஸ், மறு கையில் ஸ்பூன். மதியம் என்ன தின்றாய் என்று மாலையில் கேட்டால் சொல்லத் தெரியாது. வெட்கமாக இருந்தது. பஸ் பேச்சை மறுபடி எடுக்கவில்லை. அவள் ஷட்டரில் சாய்ந்தபடியே கண்ணயர்ந்துவிட்டாள்.

4.00. ஷட்டர்கள் ஒவ்வொன்றாக ஏறின. எங்கிருந்துதான் வந்தனவோ, தெரு கொள்ளாத வண்டிகள். நின்ற இடத்திலிருந்தே பன்னிரண்டு எண்ணினேன். அதில் இரண்டுக்குச் செயின் தொங்கியது. சொந்தக்காரர் லுங்கியோடு இறங்கி வந்தார். அறுபது தாண்டியவர், பழைய மில் தொழிலாளி.

"வந்து நாழியாச்சா? நைட்டு ஷிப்ட்டு பாத்த ஒடம்பு, மத்தியானம் படுத்தா எழுந்திருக்காது. மில்ல மூடிட்டாங்க, தூக்கம் மட்டும் போவல."

கடையைத் திறந்து காட்டினார். உள்ளே மூன்று வண்டி நிற்கும். பின்னால் இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு.

"ஒண்ணே ஒண்ணு. ஒண்ணுலேருந்து நாலு வரைக்கும் சுத்தியல் சத்தம் ஆவாது. கடைய மூடிடணும்."

காலையில் இதைச் சொல்லியிருந்தால் அப்படியே திரும்பியிருப்பேன். வசந்தா சமையல்கட்டு ஜன்னலைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

"மூடிடறேங்க," என்றேன்.

6.10. திரும்பும் பேருந்து. வியாசர்பாடியில் காலை ஒன்பதுக்கு ஏறும் என் ஷட்டர் இரவு பத்துக்குத்தான் இறங்கும். புது ஊரில் தினமும் மூன்று மணி நேர வேலை போகும். தெரிந்தேதான் சொன்னேன், ஆனாலும் போகும் காசை விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தேன். காலாப்பட்டு தாண்டும்போது வசந்தா கேட்டாள்:

"சும்மா இருக்க ஒங்களுக்கு வராதே. மத்தியானத்துல என்ன செய்வீங்க?"

"சாப்புடுவேன்."

"அதுக்கு மூணு மணி நேரமா?"

"நீயும் கூட உக்காந்தா ஆவும்."