சொடுக்குக்குக் காத்திருந்தவர்

தாம்பரம் ரயிலில் என் பக்கத்து சீட்டுக்காரர் மடிப்புக் கலையாத சட்டையும் மடியில் சாப்பாட்டுப் பையுமாக இருந்தார். சமோசா விற்பவர் விரலைச் சொடுக்கியதும் இவர் ஆவலோடு நிமிர்ந்தார். விற்பவரின் முகத்தைப் பார்த்ததும் சோர்ந்துபோனார்.

ஏன் என்று கேட்டேன்.

“எங்க மாடம்பாக்கம் காலனி விழாவுல ஒருத்தர் என்னை ஹிப்னாடிஸம் பண்ணாரு சார். அவர் சொடுக்கினா முழிச்சுக்கணும். அதுக்குள்ள கரண்ட் போச்சு, அவரும் கிளம்பிட்டாரு. ஏழு வருஷமா நான் முழிக்கல.”

“ஆபீஸ்ல ஒண்ணும் சொல்லலையா?”

“ரெண்டு புரமோஷன் குடுத்தாங்க.”

“வீட்ல?”

“இப்படியே இருங்கன்னுட்டா.”

பாவமாக இருந்தது. அவர் காதருகே பலமாகச் சொடுக்கினேன்.

“அவரேதான் சொடுக்கணும் சார்” என்றார்.

ஆனால் எதிரே தூங்கிக்கொண்டிருந்த மூன்று பேர் விழித்தார்கள். எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் பல்லாவரத்தில் இறங்கிப் போனார்கள்.