தெருவே கொடுத்த என் எண்

இங்கிலாந்தில் பேராசிரியரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். பெரம்பலூர் பொறியியல் கல்லூரியில் நான்கு வருடம் ‘சார்’, ‘மேடம்’ என்று பழகிய நாக்குக்கு அது லேசில் வரவில்லை. இதுவரை மூன்று பல்கலைக்கழகங்களைப் போய்ப் பார்த்துவிட்டேன். மூன்றாவதில்தான் நரைத்த தலை அம்மையார் ஒருவரை ‘ஹெலன்’ என்று ஒருவழியாகக் கூப்பிட்டேன், அதுவும் பாதிக் குரலில். இங்கே மென்பொருள் சோதிக்கும் வேலை எனக்கு. அதை விட்டுவிட்டு, ஏழை நாடுகளின் முன்னேற்றத்துக்குத் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்தும் மேல்படிப்பில் சேர ஆசை. ஊருக்கு நல்லது செய்யப்போகிறேன் என்ற பெருமையும் அதில் உண்டு, மறைப்பானேன்.

ஹெலன் துறையைச் சுற்றிக் காட்டினார். நடைவழிச் சுவரில் அவர்களுடைய ஆய்வுகளைப் பெரிய தாள்களில் அச்சிட்டு ஒட்டியிருந்தார்கள். ஒன்றில் குன்னம் வட்டாரத்தின் வரைபடம். எங்கள் ஊர்! குதிக்காத குறைதான். மக்காச்சோளத்தில் படைப்புழு விழுந்தால் விவசாயிகளின் போனுக்குச் செய்தி அனுப்பி எச்சரிக்கும் திட்டமாம். மாதிரிக்கு ஒன்றைத் தமிழிலேயே போட்டிருந்தார்கள்: ‘குருத்தைப் பிரித்துப் பாருங்கள். புழு இருந்தால் உடனே மருந்து அடியுங்கள்.’ கீழே ஆய்வின் முடிவு. செய்திகள் போய்ச் சேர்ந்தன, ஆனால் யாரும் மருந்தடிக்கவில்லை, விவசாயிகளுக்குத் தொழில்நுட்பத்தின்மேல் நம்பிக்கை இல்லை. ஒரு தெருவில் எல்லோரும் ஒரே எண்ணைக் கொடுத்திருந்ததால், அது ஊர்ப் பொதுப் போன் என்றும் எழுதியிருந்தார்கள்.

அந்தத் தமிழ் வரியை மறுபடி படித்தேன். கல்லூரிக் கடைசி வருடம், வகுப்பு நடக்கும்போது என் போன் சிணுங்கிக்கொண்டே இருக்கும். ‘குருத்தைப் பிரித்துப் பாருங்கள்’ என்று ஒரே செய்தி வரிசையாக வந்து விழும். மருந்துக் கம்பெனி விளம்பரம் என்று நினைத்து, அதற்கு மேல் ஒரு சொல்லும் படிக்காமல் பிளாக் செய்துவிட்டேன். அந்த வருடம்தான் எங்கள் தெருக்காரர்களின் சோளம் குருத்தோடு போனது. அப்பா மாட்டுக்கு அறுத்துப் போட்டார்.

ஹெலனிடம் ஒரு நிமிடம் கேட்டுக்கொண்டு, படிக்கட்டுக்கு வந்து அப்பாவை அழைத்தேன்.

“அப்பா, நான் காலேஜ் கடைசி வருசம் படிக்கறப்ப, சோளத்தப் பத்தி கேக்க டேப்லெட்டோட வந்தாங்கல்ல? யாரு நம்பர குடுத்தீங்க?”

“உன் நம்பரத்தாம்மா. தெருவுல எல்லாரும் அதான் குடுத்தோம். எங்களுக்கு எங்க படிக்கத் தெரியுது? புள்ளைக்கு வந்தா வூட்டுக்குக் கூப்புட்டுச் சொல்லும்னுதான். ஏன், எதாச்சும் வந்துச்சா?”

“வந்துச்சுப்பா. நாந்தான் பாக்கல.”



“சரி வுடு. போன வேலயப் பாரு.”

திட்டியிருந்தால் தேவலை.

நடைவழிக்குத் திரும்பி வந்தேன். வாயை மூடிக்கொண்டு விண்ணப்பம் போட்டிருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் அந்த ‘நம்பிக்கை இல்லை’ என்ற வரியைத் தாண்டி என்னால் நடக்க முடியவில்லை.

“அந்தப் பொதுப் போன் நான்தான்” என்று ஹெலனிடம் சொன்னேன்.

நான் ஏதோ ஒப்புமைக்குச் சொல்கிறேன் என்று நினைத்து அவர் கனிவோடு தலையாட்டினார். “நம் எல்லோருக்குமே அதில் பொறுப்பு உண்டு” என்றார்.

“இல்லை ஹெலன். அது என் எண். அவர்கள் நம்பாமல் இல்லை. என்னை நம்பிக் கொடுத்தார்கள்.”

அவர் முகம் வெளுத்துவிட்டது. சுவரையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு அறைக்குக் கூட்டிப்போய், நடந்ததைப் பதிவு செய்துகொள்ளலாமா என்று கேட்டார். மேசைமேல் இரண்டு தாள்களை வைத்தார். ஒன்று மாணவியாகச் சேர விருப்பம் தெரிவிப்பது, மற்றது ஆய்வுக்குத் தகவல் தரச் சம்மதித்து ஊர்க்காரர்கள் கையெழுத்திடுவது. இரண்டிலும் என் பெயரை எழுதினேன். இரண்டிலும் தொலைபேசி எண் கேட்டிருந்தது. முதல் தாளில் இந்த நாட்டு எண்ணை மளமளவென்று எழுதிவிட்டேன். இரண்டாவது ஊர்க்காரர்களுக்கானது என்பதால் அதில் அப்பாவின் எண்ணை எழுதப்போனேன். நான்கு இலக்கத்துக்கு மேல் நினைவில் இல்லை.