இரண்டு கையாலும் பின்னிய எங்கள் அக்கா

எங்கள் அக்கா கர்த்தரிடம் போய்ச் சேர்ந்து இந்த மாதத்தோடு ஒரு வருடம். இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி எழுதும் பொறுப்பு, தங்கையான எனக்கு வந்தது. "நல்லதா நாலு வார்த்த எழுதும்மா, பழச கிளறாத" என்றார் மாமா, அக்காவின் கணவர். நான் கேளம்பாக்கத்து ஜவுளிக்கடையில் இருபது வருடமாகப் புடவை பிரித்துப் போடுகிறவள். எதையும் பிரித்துக் காட்டித்தான் பழக்கம். மாமா மன்னிக்க வேண்டும், கிளறத்தான் போகிறேன்.

அக்கா பிறந்தது வேடந்தாங்கலுக்குப் பக்கத்துக் காலனியில். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். அக்கா பிறவியிலேயே இடக்கைக்காரர். சோற்றுக்கும் இடது கை, சிலேட்டுக்கும் இடது கை. எங்கள் வீட்டில் யாருக்கும் அது பொறுக்கவில்லை. பீச்சாங்கை என்ற பேச்சே முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் வரும். அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, அந்தக் கையில் வேப்பிலையை அரைத்துப் பூசினார். அக்கா அந்தக் கசப்போடு சேர்த்தே சாப்பிட்டுவிட்டாராம். மறுநாள் சாணியை அப்பினார். ஐந்து வயதுப் பிள்ளை. அந்தக் கையோடு தட்டின் முன்னால் உட்கார்ந்து வாந்தி எடுத்தார்.

"அப்பத்தான் புத்தி வரும்" என்றாராம் அத்தை. சொந்தக்காரர்களே, இதை நம் வீட்டு விசேஷங்களில் எத்தனை முறை சிரித்துச் சிரித்துச் சொல்லியிருக்கிறீர்கள்! எங்களுக்கென்று டீக்கடையில் தனிக் குவளை வைத்த ஊர் அது. அந்த வலி தெரிந்த நாமே நம் வீட்டுக் குழந்தையின் ஒரு கையை ஒதுக்கி வைத்தோமே, தூ!

அக்கா வலது கைக்கு மாறினார். வலது கையால் எழுதிப் படித்து, கல்பாக்கத்தில் ஓர் அலுவலகத்தில் எழுத்தரானார். என்னைப் படிக்க வைத்தவர் அவர்தான். அம்மாவைக் கடைசி வரை வைத்துப் பார்த்தவரும் அவர்தான். யாரையும் ஒரு சுடுசொல் சொன்னதில்லை. மாமாவோடு படூர் அடுக்ககத்தில் குடியேறிய பிறகும், உறவுக்காரர் யாராவது வந்தால் இடது கையைப் புடவைத் தலைப்பில் சுருட்டி மறைத்துக்கொண்டு வலது கையால் காபி நீட்டுவார். ஐம்பது வயதைத் தாண்டியும் அந்தப் பயம் போகவில்லை.

அவருடைய ஒரே மகள் கல்யாணமாகி நார்வேக்குப் போனாள். அங்கே அவள் முழுகாமல் இருக்கும் செய்தி வந்ததும், பேரப்பிள்ளைக்குக் கம்பளிக் காலுறை பின்ன வேண்டும் என்று அக்காவுக்கு ஆசை. எதிர் வீட்டில் குன்னூர்க்கார டீச்சர் ஒருவர் இருந்தார். இரண்டு நிறத்தில் பூ வைத்துப் பின்னத் தெரிந்தவர். சிவப்பு நூல் வலது கையில், வெள்ளை நூல் இடது கையில். இரண்டு கையும் மாறி மாறி ஊசிக்கு நூல் கொடுக்க வேண்டும். அந்த நேரத்தில் பின்னாத நிறம் உள்பக்கமாகத் தளர்வாக ஓடி வர வேண்டும். இறுக்கினால் கால் நுழையாது.

நான் போனது கத்திரி வெயிலில். அக்காவின் மடியில் வேர்வையில் நனைந்த கம்பளி, மழையில் நனைந்த ஆடு மாதிரி நாறியது.

"இன்னாக்கா இது, இந்த வெயில்ல கம்பளி? நாத்தம் கொடலப் புடுங்குது!"

"ஒன் காலுக்கா பின்னிகினு கீறேன்? பேஜாரு பண்ணாம ஃபேனப் போடு."

முதல் காலுறைக்குள் என் மூன்று விரல்கூட நுழையவில்லை. டீச்சர் அதை உள்பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"அக்கா, உங்க வலது கைதான் பயந்து பயந்து நூல இழுக்குது. இடது கை எவ்வளவு அழகா விடுது பாருங்க. புதுசா கத்துக்கிறவங்களுக்கு இடது கைதான் வராது. உங்களுக்கு அதுதான் வருது."

அக்கா தம் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். அந்தக் கையைப் பற்றி ஒருவர் நல்லதாகச் சொல்லி அவர் கேட்டது அதுவே முதல் முறை. நான்கு முறை பிரித்தார். ஐந்தாவது முறை சரியாக வந்தது.

பிள்ளை பிறந்து, ஞானஸ்நானத்துக்காகச் செங்கல்பட்டுக்கு வந்தார்கள். ஆலயத்தில் அக்காவே குழந்தைக்குக் காலுறை மாட்டிவிட்டார். அத்தை பார்த்துவிட்டார். இடது கையும் சேர்ந்து பின்னியது என்று நான் முன்பே எல்லோரிடமும் பெருமையடித்திருந்தேன்.

"ஏண்டி, பீச்சாங்கையில பின்னினத கொழந்த கால்ல போடுவாங்களா? அசிங்கம். கழட்டு அத!"

சுற்றி நின்றவர்களில் இரண்டு பேர் தலையை ஆட்டினீர்கள். யாரென்று உங்களுக்கே தெரியும். அக்கா குரலை உயர்த்தவில்லை.

"ரெண்டு கையாலயும் பின்னினது அத்த. எது எந்தக் கைன்னு பிரிச்சிக் காட்டு. அத மட்டும் கழட்டிடறேன்."

எனக்கு விசில் அடிக்க வேண்டும் போல இருந்தது. அன்றிலிருந்து அக்கா இடது கையை மறைக்கவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் பக்கவாதம் வந்து, அக்காவின் வலது பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. மருத்துவமனையில் நான் கமலா ஆரஞ்சு உரித்து அவர் இடது கையில் வைத்தேன். தாம் தின்னாமல் ஒரு சுளையை எடுத்து என்னிடம் நீட்டினார். என் வாய் முந்திக்கொண்டது.

"சோத்தாங்கையில குடுக்கா."

சொன்னது நான்தான். அத்தை சொல்லவில்லை. அந்த வலது கை படுக்கையில் செத்துக் கிடந்ததை மூன்று நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தவளும் நான்தான். அக்கா என்னையே பார்த்தார். பிறகு, தரை துடைக்க வந்த ஆயாவிடம் அந்தச் சுளையை நீட்டினார். "எனக்காம்மா? குடு குடு" என்று வாங்கி வாயில் போட்டுக்கொண்டு ஆயா அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார். குழறிய நாக்கோடு அக்கா என்னிடம், "வுடுடி... பழக்கம்" என்றார். அதற்கு மூன்றாம் நாள் போய்விட்டார்.

பழக்கமாம்! அத்தையைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். குன்னூர் டீச்சருக்கு நன்றி. லிஃப்ட் ஓடாத அன்று அக்காவை நாற்காலியோடு மூன்று மாடி இறக்கிய அடுக்ககத்துக் காவலர்களுக்கு நன்றி. தினமும் வந்து ஜெபித்த ஆயர் ஐயாவுக்கு நன்றி. பெயர்கூடக் கேட்காமல் விட்ட அந்த ஆயாவுக்குக் கோடி நன்றி.

இந்த மலரை ஆலய வாசலில் நின்று நானே கொடுப்பதாக இருக்கிறேன், இடது கையால். மாமாவிடம் சொல்லிவிட்டேன். ஆகவே இதைப் படிக்கிற ஒவ்வொருவரும் அந்தக் கையிலிருந்து வாங்கியவர்கள்தான். அத்தை வாங்குவாரா என்று இதை எழுதும்போது எனக்குத் தெரியாது. அவர் வாங்குகிற வரைக்கும் நீட்டிய கையை மடக்க மாட்டேன்.