மைனியின் நான்கு முட்டைகள்

அந்தத் தெர்மோகோல் பெட்டி மீன்கடையில் கேட்டு வாங்கியது. எத்தனை முறை கழுவியும் கவிச்சி போகவில்லை. மூடியில் சதுரமாக ஓட்டை வெட்டிக் கண்ணாடி ஒட்டி, உள்ளே ஒரு பல்பும், சூடு காட்டும் வெப்பமானியும், சூடு ஏறினால் பல்பைத் தானே அணைக்கும் கருவியும் பொருத்தியவன் நான். நாகர்கோவிலில் டிவி, மிக்சி பழுதுபார்க்கும் கடையில் எனக்கு வேலை. பெட்டியைக் கேட்டவர் என் மைனி, அண்ணனின் மனைவி.

மஸ்கட்டில் வேலையிடத்து விபத்தில் அண்ணன் இறந்து அப்போது ஐந்து மாதம். உடல் வந்துசேர மூன்று வாரம் ஆனது. ஆணியடித்த பெட்டியாகத்தான் திருவனந்தபுரம் விமான நிலையத்தில் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். திறக்காமலிருப்பது நல்லது என்றார், உடலோடு வந்தவர். இராஜாக்கமங்கலத்தில் வீட்டு முற்றத்தில் இறக்கியபோது மைனி ஒன்றுதான் கேட்டார், முகத்தை ஒருதடவை பார்க்க முடியுமா என்று. நான்தான் வேண்டாம் என்றேன். பழைய முகமே மனதில் இருக்கட்டும் என்று நினைத்தேன். மைனி மறுத்துப் பேசவில்லை, அழவும் இல்லை. அதன்பிறகும் "உனக்க அண்ணன் வரும்போ" என்றே பேச்சைத் தொடங்குவார். நாங்கள் யாரும் திருத்தியதில்லை.

கடைசி விடுமுறையில் அண்ணன் வாங்கிவிட்ட கோழி ஒன்பது முட்டைகளில் அடையிருந்தது. நான்காம் நாள் அதை நாய் கவ்விக்கொண்டு போய்விட்டது. ஆறத் தொடங்கிய முட்டைகளைத் துண்டில் பொதிந்து மடியில் வைத்துக்கொண்டு, மைனி பஸ் ஏறி என் கடைக்கே வந்துவிட்டார். அன்று மதியத்துக்குள் பெட்டியைச் செய்து கொடுத்தேன்.

சாப்பிட மறந்துபோகிறவர், முட்டைகளை நாளைக்கு மூன்றுமுறை உருட்டிவைக்க மறக்கவில்லை. அரை டிகிரி கூடினாலும் குறைந்தாலும் எனக்குப் போன் வரும். பத்தாம் நாள் போன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். ஐந்து கூமுட்டை. மற்ற நான்கிலும் சிவந்த நரம்புகள் ஓடின; நடுவே கறுப்பாக ஏதோ துள்ளி அசைந்தது.

"அனங்குது மக்கா," என்றார். ஐந்து மாதத்தில் அன்றுதான் அவர் சிரித்துப் பார்த்தேன்.

பதினெட்டாம் நாள் கண்டிப்பாகச் சொன்னேன்: இனி உருட்டக் கூடாது, குஞ்சு வெளியே வரும்வரை மூடியைத் திறக்கவே கூடாது, திறந்தால் உள்ளே ஈரம் போய்க் குஞ்சு ஓட்டோடு ஒட்டிச் செத்துப்போகும்.

மறுநாள் மாலை வேலை முடிந்து போனபோது மைனி பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடியை ஆவி மூடியிருந்தது. காலையிலிருந்து பல்பு அணையவே இல்லை என்றார். மூடியை எடுத்தேன். அனல் முகத்தில் அடித்தது. நான் பொருத்திய கருவி பழுதாகியிருந்தது. முட்டைகளைத் தொட முடியவில்லை.

சூடு கூடியது தெரியவில்லையா, ஏன் போன் செய்யவில்லை என்று கேட்டேன்.

"தெரிஞ்சுது. நீ தொறக்கண்டாம்னு சொன்னல்லா. போன்ல கேட்டாலும் அதத்தான சொல்லுவ. அதான் தொறக்கல்ல."

முட்டைகள் ஆறியதும் ஒவ்வொன்றாகக் காதில் வைத்துக் கேட்டார். பிறகு, நான் தடுப்பதற்குள், ஒன்றைக் கரண்டிக் காம்பால் தட்டி உடைத்தார். முழுக் குஞ்சு. நனைந்த தூவி உடம்போடு ஒட்டியிருந்தது. தலையைச் சிறகுக்கடியில் செருகியிருந்தது. மைனி விரல்நுனியால் அந்தத் தலையை மெல்ல வெளியே எடுத்துத் தன் பக்கம் திருப்பினார்.

"இதுக்க முகத்தையாவது பாத்தேன்," என்றார்.

பிறகு அழுதார். அண்ணனின் பெயரைச் சொல்லிச்சொல்லி அழுதார். பக்கத்து வீடுகளிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். என்ன ஆயிற்று என்று அவர்கள் என்னைக் கேட்டார்கள். மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

அன்றைக்குப் பிறகு "வரும்போ" என்ற சொல் மைனியின் வாயில் வரவில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கல்லறைத் தோட்டத்துக்குத் தனியாகப் போய்வரத் தொடங்கினார். என்னைக் குறை சொல்லி ஒரு வார்த்தை பேசியதில்லை. போனால் மீன்குழம்பு வைத்துச் சோறு போடுகிறார்.

இப்போதும் கடைக்கு யாராவது அடைகாக்கும் பெட்டி கேட்டு வருகிறார்கள். செய்து கொடுக்கிறேன். ஏதாவது சந்தேகம் வந்தால் திறந்து பார்த்துவிடுங்கள் என்று எல்லோரிடமும் சொல்லித்தான் கொடுக்கிறேன். மைனியிடம் மட்டும் அதை இன்னும் சொல்ல முடியவில்லை.