குங்குமம் வைத்த வாசல்

ஓரிடத்தில் உட்காரத் தெரியாதவள் நான். என் வீட்டு அலமாரிகூட ஒரே சுவரில் ஒரு வருஷம் நின்றதில்லை. ஈப்போவின் இந்தத் தாமான் குடியிருப்புக்கு, சுண்ணாம்புக் குன்று முதுகைக் காட்டிக்கொண்டு கிடக்கும் இந்த மூலை வீட்டுக்கு வந்த பிறகுதான் கொஞ்சம் அடங்கினேன். அடக்கியது பின்பக்கத்து மண். ஒரு மாமரம், ஒரு முருங்கை, யாரையும் கேட்காமல் முளைத்துப் பெருத்த கறிவேப்பிலை, வேலி முழுக்க இளஞ்சிவப்பாக வழிகிற ஒரு கொடி. அந்தக் கொடிக்கு மலாய்க்காரர்கள் வைத்த பெயர் மணப்பெண்ணின் கண்ணீர். இவ்வளவு சந்தோஷமாக அழுத மணப்பெண் யாரோ, தெரியவில்லை.

அந்த மண்ணின் மேல் என் வீட்டுக்காரருக்கும் ஒரு கண். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிப் போகும் வேன் அவருடையது. வேன் வெயிலில் காய்ந்தால் அவருக்குத் தன் தலையே காய்கிற மாதிரி. பின்பக்கம் முழுக்கச் சிமெண்டு போட்டு, தகரம் ஏற்றி, வேனைக் குடிவைக்க வேண்டும் என்று ஆசை. எனக்கோ அங்கே தேனீ வந்து குடியேற வேண்டும். கெலுலுட் என்று இங்கே சொல்கிற, கொட்டாத கறுப்புத் தேனீ. கொசுவைவிடக் கொஞ்சம்தான் பெரிது.

"பூச்சிக்கு வீடு கட்டுறியே, சோறு போடுற வேனுக்கு ஒரு கூரை கட்டக்கூடாதா?" என்றார்.

"வேன் பூவக் காயாக்குமா?"

கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார். "சரி. தீபாவளி வரைக்கும் பார்ப்போம். அதுக்குள்ள உன் பூச்சி வந்து தங்கிட்டா மரம் இருக்கும். வரலன்னா சிமெண்டு லாரி வரும். அப்புறம் மூஞ்சத் தூக்கக்கூடாது."

ஒத்துக்கொண்டேன். வேறென்ன செய்ய?

சுங்கை சிப்புட் பக்கம், ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்ட ஒரு பழைய தோட்டத்தில் அவருடைய கூட்டாளி இருக்கிறார். வீட்டுக்குப் பின்னால் வரிசையாக மரக்கட்டைகளை நிறுத்தி கெலுலுட் வளர்ப்பவர். போய்ப் பார்த்தோம். "ஒரு கட்டையத் தூக்கிட்டுப் போ தங்கச்சி, குடும்பத்தோட இருக்கு," என்றார்.

"வேணாண்ணே. தூக்கிட்டு வந்தா அது நான் கொண்டு வந்ததா ஆயிரும். அதுங்களா வரணும்."

அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். "மச்சான், உன் பொண்டாட்டி தேனீ கேக்குதா, வீட்டோட மாப்பிள்ளை தேடுதா?"

சிரித்துக்கொண்டே ஒரு கட்டையின் மூடியைத் திறந்து, கறுப்பாக ஒட்டுகிற மெழுகுப் பிசினில் ஒரு உருண்டை கிள்ளிக் கொடுத்தார். காலிக்கட்டையின் துவாரத்தைச் சுற்றி இதைத் தேய்த்துவிட்டால், வீடு தேடி அலைகிற தேனீ, இங்கே நம்மவர்கள் இருந்திருக்கிறார்கள் என்று மோந்து பார்த்து நிற்குமாம்.

உள்ளே பொந்தாகிப்போன ஒரு ரம்புத்தான் கட்டை கிடைத்தது. இரண்டு பக்கமும் பலகையடித்து, நடுவில் விரல் நுழைகிற அளவுக்குத் துளைபோட்டு, பிசினைத் தேய்த்து மாமர நிழலில் நிறுத்தினேன். துளசியைக் கிள்ளாமல் பூக்கவிட்டேன். முருங்கைப் பூவைப் பொரியலுக்குப் பறிப்பதையும் நிறுத்தினேன். அது மட்டும் அவருக்கு உண்மையிலேயே வருத்தம்.

காத்திருப்பு எனக்குக் கைவந்த கலை அல்ல. ஒரு நாளைக்குப் பத்து தடவை பின்கதவைத் திறப்பேன். முதலில் எறும்பு வந்தது. பிறகு சிலந்தி. பிறகு ஒரு பல்லி துவாரத்தில் தலையை வைத்து, ஜன்னலோரப் பயணி மாதிரி வேடிக்கை பார்த்தது.

"பரவால்லயே, ஆள் வந்துருச்சு," என்றார் அவர். "தேன் எப்ப எடுக்கலாம்?"

ஒரு நாள், ராத்திரி பெய்த மழை விடிந்தும் இலையில் சொட்டிக்கொண்டிருந்தபோது, துவாரத்துக்கு முன்னால் காற்றில் கறுப்பாக எள் இறைத்த மாதிரி எதுவோ அசைந்தது. இடமும் வலமுமாக ஆடி, துவாரத்தையே பார்த்தபடி, உள்ளே போகலாமா வேண்டாமா என்கிற கூச்சம். மறுநாள் கூச்சம் போய்விட்டது. மாமரத்தில் வெட்டுப்பட்ட இடத்துப் பிசினைக் காலில் உருட்டிக்கொண்டு வந்தன. துவாரத்தின் வாயில் வெங்காயத்தோல் மாதிரி மெல்லிசாக ஒரு குழல் முளைத்தது, குட்டி நாதஸ்வரத்தின் அணைசு போல.

கூட்டாளிக்குப் போன் போட்டேன். "வந்திருக்கிறது வேலைக்காரங்க தங்கச்சி. வீட்டத் தயார் பண்ணுவாங்க. பிடிச்சாத்தான் ராணி வரும். அதுவரைக்கும் யாரும் கிட்டப் போகாதீங்க. மனசு மாறினா அப்படியே விட்டுட்டுப் போயிரும்."

இதை வீட்டுக்காரரிடம் சொன்னேன். சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஆயுத பூஜை வந்தது. வண்டி ஓட்டுகிறவர் வீட்டில் அது தீபாவளிக்கு அக்காள். காலையில் நான் பூவும் பூசணியும் வாங்க மார்க்கெட் போயிருந்தேன். திரும்பி வந்தால் வேன் மாலை போட்டுக் கல்யாணக் களையில் நிற்கிறது. ஸ்பேனருக்குப் பொட்டு. புல்வெட்டும் மெஷினுக்குப் பொட்டு. என் தையல் மெஷினுக்கு, லேப்டாப்புக்கு, இடியாப்பக் குழலுக்குப் பொட்டு. எனக்குள் ஏதோ இடித்தது. பின்பக்கம் ஓடினேன்.

கட்டையில் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம். அதன் நடுவே, துவாரம் இருந்த இடத்தில், அழுத்தமாக ஒரு குங்குமப் பொட்டு. குழல் நசுங்கிப் போயிருந்தது. பிசின் சுமந்து வந்த நாலைந்து தேனீக்கள் வாசலைக் காணாமல் சுற்றிக்கொண்டிருந்தன.

அவர் சாம்பிராணித் தட்டோடு பின்னால் வந்து நின்றார். "அதுவும் உழைக்குதேன்னு வச்சேன்."

"வாயிலயா வைப்பாங்க?"

"நெத்தின்னு நெனச்சேன்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "இது சந்தனமா, சிமெண்டா?" என்று கேட்டுவிட்டேன். அவர் முகம் சட்டென்று சின்னதாகிவிட்டது. தென்னை ஈர்க்கை நனைத்து எடுத்து வந்து, குழந்தைக்குக் காது துடைப்பது மாதிரி, துவாரத்தை மட்டும் சுத்தம் செய்தார். மதியத்துக்குள் ஒரு தேனீயும் இல்லை. சாயங்காலம் சுண்டல் அப்படியே ஆறிக்கிடக்க, வாசலில் நின்று அவர் கூட்டாளியோடு போனில் பேசுவது கேட்டது.

"குங்குமத்துல மருந்து எதுவும் கலப்பாங்களா மச்சான்?"

போனை ஸ்பீக்கரில் வைத்திருந்தார் போல. "வருஷா வருஷம் வேனுக்கு வைக்கிற, வேன் ஓடலையா? பயப்படாத லா."

"அதான்டா பயமே. இதுவும் ஓடிருச்சு."

அதற்குப் பிறகு நான் பின்கதவைத் திறப்பதை விட்டுவிட்டேன். திறந்தது அவர். பிள்ளைகளை ஏற்றக் கிளம்பும் முன் தேத்தண்ணிக் கோப்பையோடு மாமரத்தடியில் போய் நிற்பார். என்ன பார்க்கிறீர்கள் என்றால், "காய் பிடிச்சிருக்கான்னு பார்த்தேன்," என்பார். மரம் பூக்கவே இல்லை.

தீபாவளிப் பலகாரத்துக்கு மாவு சலித்துக்கொண்டிருந்தேன் ஒரு காலையில். பின்னாலிருந்து அவர் குரல். "இங்க வா. மெதுவா வா. செருப்பக் கழட்டிட்டு வா."

எள் இறைத்திருந்தது காற்றில். முன்பைவிட அடர்த்தியாக. துவாரத்தில் புதுக் குழல், பழையதைவிட நீளம். அதன் அடியில், நிலைக்கு வர்ணம் பூசிய மாதிரி, காவியும் சிவப்புமாக ஒரு வளையம். துவாரத்தைச் சுற்றிக் காய்ந்து கிடந்த சந்தனமும் குங்குமமும் அங்கங்கே சுரண்டப்பட்டிருந்தன.

"பார்த்தியா," என்றார் அவர், கோயிலில் பேசுகிற குரலில். "நான் வச்சத எடுத்து அதுங்களே வாசல்ல வச்சிருக்கு."

தெருக்கோடியில் வீடு கட்டுகிறார்கள், செம்மண் குவிந்து கிடக்கிறது. சிவப்பு அங்கிருந்தும் வந்திருக்கலாம். நான் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

கூட்டாளி வந்து கட்டையில் காதை வைத்துக் கேட்டார். "ராணி வந்தாச்சு போல, உள்ள கச்சேரி நடக்குது," என்றார். அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, "எனக்கென்ன தெரியும், அப்படித்தான் சொல்லணும்," என்றார். ஆனால் மாலையானால் இரண்டு தேனீக்கள் குழலின் வாயில் காவலுக்கு நின்றன. காலி வீட்டுக்கு யார் காவல் நிற்பார்கள்?

தீபாவளிக்கு முன் சிமெண்டுக் கடைச் சீன முதலாளி, எங்கள் பேச்சில் தௌக்கே, போன் செய்தார். என் வீட்டுக்காரர் முறுக்கு மென்றுகொண்டே எடுத்தார். லாரி எப்போது வரட்டும் என்று அந்தப் பக்கம் கேட்பது எனக்கே கேட்டது. இவர் பின்கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"வேணாம் தௌக்கே. பின்னால ஆள் குடியிருக்காங்க."